காட்டுத்தீயும் புகையும்: ஆகாயத்துச் செய்மதி காட்டிக்கொடுப்பது என்ன?

ஊவாப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு ஆடி, ஆவணிக் காற்றைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையின் மேற்குப் பக்கம் மழையில் நனைந்து கிடக்கும்போது, இந்தப் பக்கம் மானாப்புல் காய்ந்து சருகாகி நிற்கும். மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று யாரோ பத்தனாவுக்கு வைத்த நெருப்பு, இல்லாவிட்டால் அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு, பொழுது சாய்வதற்குள் ஒரு மலையையே கருக்கிவிடும். கீழே லயத்து வாசலில் நின்று பார்க்கிற நமக்குத் தெரிவது புகை மட்டும்தான். தீ எவ்வளவு தூரம் போய்விட்டது, மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, ஒன்றும் தெரியாது.

ஆனால் டீவிச் செய்தியில் மட்டும், செய்மதிப் படங்களின்படி இத்தனை ஆயிரம் ஏக்கர் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். தீக்குப் பக்கத்தில் நின்றவனுக்கே தெரியாத கணக்கு, ஆகாயத்தில் சுற்றுகிற ஓர் இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்த இதழில் இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு நாங்கள் எடுத்துக்கொள்வது இந்தோனேசியாவின் கதை. அவுஸ்திரேலியா, கனடா என்று பெருந்தீ எரிந்த நாடுகள் வேறும் உண்டு. ஆனால் இந்தோனேசியாவில் எரிந்ததில் பெரும்பங்கு, காடு வெட்டித் தோட்டமும் வயலும் ஆக்க எடுத்த காணி. அங்கே கான் வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் நம்மைப் போன்ற கூலி ஆட்கள். அந்தப் புகை கடல் தாண்டிப் போய் மூடிய மலேசியாவிலோ, நமது பாட்டன் பூட்டன் இலங்கைக்கு வந்த அதே காலத்தில், அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து றப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். தூரத்து ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாது.

எரிகிற மண்

சுமாத்திரா, போர்னியோ தீவுகளின் தாழ்ந்த கரையோரங்களில் பெரிய சதுப்புக் காடுகள் இருக்கின்றன. அங்கே விழுகிற இலையும் கட்டையும் வேரும் தண்ணீருக்குள் கிடப்பதால் முழுசாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான வருஷமாக இப்படி அரைகுறையாக மக்கியது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, சில இடங்களில் பத்து மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்குக் கறுப்பு மண்ணாகக் கிடக்கிறது. இதைப் ‘பீட்’ மண் என்கிறார்கள். பெயர்தான் மண், உண்மையில் அது விறகு. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் வரையில் அதற்கு ஒன்றும் ஆகாது. காய்ந்துவிட்டால் ஒரு நெருப்புக்குச்சி போதும்.

1995ஆம் ஆண்டு, சுகார்த்தோ ஆட்சியில், போர்னியோவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் ஹெக்டேயர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்குவது என்று முடிவெடுத்தார்கள். நாம் தேயிலை மலையில் கான் வெட்டுவது மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருப்பதற்கு. அங்கே வெட்டியது சதுப்பின் தண்ணீரையே ஆற்றுக்கு வடித்துவிடுவதற்கு. எல்லாக் கால்வாய்களையும் சேர்த்தால் 4,000 கிலோமீற்றருக்கும் கூட. எதிர்பார்த்த நெல் விளையவில்லை. தண்ணீர் மட்டும் போய்விட்டது.

அதற்கடுத்து வந்தது 1997. அந்த வருஷம் பசிபிக் சமுத்திரத்தில் ‘எல் நினோ’. அதாவது, வழக்கமாக இந்தோனேசியாவின் பக்கம் குவிந்து கிடக்கும் சுடுதண்ணீர் கிழக்கே நகர்ந்துபோய், மழையையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிற நிலைமை. மாதக்கணக்கில் மழை இல்லை. காணி துப்புரவு செய்ய வைத்த தீ காய்ந்த பீட் மண்ணுக்குள் இறங்கியது. மேலே மரம் எரிந்து முடிந்தாலும் அடியில் உமிக்கு வைத்த நெருப்பு மாதிரிக் கனன்றுகொண்டே இருக்கும். இங்கே அணைத்தால் அங்கே கிளம்பும். மழை வந்து நிலம் ஊறும் வரை அதை முற்றாக அணைக்க ஆளில்லை.

எவ்வளவு எரிந்தது என்று தரையில் நடந்து யாராலும் அளந்திருக்க முடியாது. சூசன் பேஜ் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்த ஜேர்மனிய, இந்தோனேசிய ஆய்வாளர்களும், அந்த மாகாணத்தில் 25 இலட்சம் ஹெக்டேயர் பரப்பைத் தீக்கு முன் எடுத்த செய்மதிப் படத்திலும் பின் எடுத்த படத்திலும் வைத்து ஒப்பிட்டார்கள். 2002இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: 7 இலட்சத்து 90 ஆயிரம் ஹெக்டேயர் எரிந்திருந்தது. அதில் 7 இலட்சத்து 30 ஆயிரம் பீட் நிலம். இந்தோனேசியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தபோது, அந்த ஒரு வருஷத்துத் தீயில் காற்றில் கலந்த காபன் 810 மில்லியன் தொன்னுக்கும் 2,570 மில்லியன் தொன்னுக்கும் இடையில் இருக்கும் என்றார்கள். உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் எரிக்கிற நிலக்கரி, எண்ணெய், வாயு எல்லாவற்றிலிருந்தும் அப்போது வெளிவந்த காபனில் இது நூற்றுக்கு 13 முதல் 40 பங்கு.

810க்கும் 2,570க்கும் நடுவில் இவ்வளவு இடைவெளியா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. எரிந்த பரப்பு செய்மதிக்குத் தெரிந்தது. மண்ணுக்குள் எத்தனை அடி ஆழத்துக்கு எரிந்தது என்பது தெரியவில்லை. இடைவெளி அங்கேதான் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

முன்னும் பின்னும் எடுத்த படத்தை ஒப்பிடுவது, எரிந்து முடிந்த பிறகு செய்கிற வேலை. இப்போது எரிந்துகொண்டிருக்கிற தீயை எப்படிக் கண்டுபிடிப்பது?

இராத்திரி அடுப்படியில் தணலைச் சாம்பல் மூடியிருக்கும். வெளிச்சமே தெரியாது. ஆனாலும் கையைக் கிட்டக் கொண்டுபோனால் சுடும். கையில் வந்து படுவதும் ஒருவகை வெளிச்சம்தான், நமது கண்ணுக்கு அது பிடிபடாது, அவ்வளவே. பள்ளிக்கூடப் புத்தகத்தில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று போட்டிருப்பது இதைத்தான். சூடான பொருள் மட்டுமல்ல, கல், மண், மரம், நமது உடம்பு எல்லாமே இந்தக் கதிரை விட்டுக்கொண்டிருக்கின்றன. குளிர்ந்த பொருள் விடும் கதிர் நீண்ட அலை. சூடு ஏற ஏற அலை குறுகிக்கொண்டே வரும்.

செய்மதியில் இருக்கும் கருவி இந்தக் கதிரை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, ஏறக்குறைய 4 மைக்ரோமீற்றர் அலை. மற்றது 11 மைக்ரோமீற்றர் அலை. மைக்ரோமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண நிலத்தையும், 700 பாகை செல்சியஸ் அளவில் எரியும் சுவாலையையும் ஒரே அளவு துண்டாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 11 மைக்ரோமீற்றரில் சுவாலை ஒரு முப்பது மடங்குதான் பிரகாசமாக இருக்கும். 4 மைக்ரோமீற்றரில் பார்த்தாலோ நாலாயிரம் மடங்குக்கும் மேல்!

சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றில் ஒரேயொரு பச்சை மிளகாயை அரைத்துக் கலந்தால், பார்வைக்கு வெறும் சோறுதான். வாயில் வைத்தால் உறைக்கும். 11 மைக்ரோமீற்றர் பார்வை மாதிரி, 4 மைக்ரோமீற்றர் நாக்கு மாதிரி. ஒரு சதுர கிலோமீற்றர் என்பது 247 ஏக்கர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 40 பேர்ச் அளவு இடம் மட்டும் சுவாலை விட்டு எரிந்தாலும், அந்தக் கட்டம் முழுவதும் 4 மைக்ரோமீற்றரில் பலமடங்கு பிரகாசமாகிவிடும். 11இல் பெரிதாக ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒரு வித்தியாசம் வந்து, அக்கம்பக்கத்துக் கட்டங்களில் அது இல்லாவிட்டால், கணினி அந்தக் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடும்.

இதை யாரும் முதலில் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1980ஆம் ஆண்டளவில் காலநிலை பார்ப்பதற்காக அனுப்பிய அமெரிக்கச் செய்மதிகளின் படங்களில், எண்ணெய்க் கிணறுகளில் வாயு எரிகிற இடங்களும் உருக்கு ஆலைகளும் விசித்திரமான புள்ளிகளாகத் தெரிந்தன. அதை ஆராய்ந்தபோதுதான் ஒரு கட்டத்துக்குள் அடங்கிய சிறு நெருப்பையும் பிடிக்கலாம் என்று விளங்கியது. பிறகு 1999 டிசெம்பரில் ‘ரெறா’, 2002 மே மாதத்தில் ‘அக்குவா’ என்ற இரண்டு நாசா செய்மதிகள் ஒரு கிலோமீற்றர் கட்டம் கட்டமாக உலகம் முழுவதையும் பார்க்கத் தொடங்கின. அவை இரண்டும் முதுமையடைந்துவிட்டன. 2011க்குப் பிறகு போன அமெரிக்கச் செய்மதிகளில் கட்டம் 375 மீற்றராகச் சிறுத்துவிட்டது. இது 35 ஏக்கர், ஒரு சின்ன டிவிசனில் ஒரு மலை அளவு.

இந்தச் செய்மதிகள் ஏறக்குறைய 100 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஓர் இடத்துக்கு மேலே பகல் ஒன்றரை மணியளவில் ஒருமுறை, இரவு ஒன்றரை மணியளவில் ஒருமுறை. இதைவிட யப்பானின் ‘ஹிமாவரி’ என்ற வகைச் செய்மதி வேறு மாதிரி. அது 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுற்றுகிற வேகத்திலேயே தானும் சுற்றுவதால், அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். 2015 முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து சிறு தீ தெரியாது. கிட்ட இருப்பது கூர்மையாகப் பார்க்கும், எப்போதாவது பார்க்கும். எட்ட இருப்பது ஓயாமல் பார்க்கும், மங்கலாகப் பார்க்கும். இரண்டும் வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புள்ளி வைப்பதோடு விடாமல், அந்தத் தீ எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்றும் அளக்கிறார்கள். அதிலிருந்து எவ்வளவு புல்லும் மரமும் எரிகிறது என்று கணக்குப் போடலாம். அடுப்பின் உக்கிரத்தை வைத்து விறகு எவ்வளவு போயிருக்கும் என்று அம்மாமார் சொல்வதில்லையா, அதுபோலத்தான். விறகின் அளவு தெரிந்தால் புகையின் அளவும் தெரியும்.

புகையின் தடம்

தீ ஓரிடத்தில். புகை போவது நூறு இடத்துக்கு. ஆகவே புகையை அளப்பது தனி வேலை.

சாதாரண கலர்ப் படத்தில் புகை சாம்பல் நிறத்தில், கொஞ்சம் பழுப்புப் பூசினாற்போலத் தெரியும். மேகம் அப்பிய வெள்ளையாக இருக்கும். ஆனால் மேகத்துக்கு மேலே புகை படர்ந்திருந்தால் கண்ணுக்குப் பிரித்தறிவது கஷ்டம். அதற்கு உதவுவது புற ஊதாக் கதிர். வெறும் காற்று அந்தக் கதிரை நன்றாகச் சிதறடித்து மேலே திருப்பி அனுப்பும். புகையோ அதை விழுங்கிவிடும். மேகத்துக்கு மேலே இருந்தாலும் புகை இருக்கிற இடம் மட்டும் கறுப்புத் துணி விரித்தாற்போலத் தெரியும். ஓசோனை அளக்க அனுப்பிய ஒரு கருவியில்தான் இதைக் கவனித்தார்கள். 1997இன் இந்தோனேசியப் புகை சுமாத்திராவைத் தாண்டி இந்து சமுத்திரத்தின் மேல் மேற்கே வெகுதூரம் படர்ந்ததை உலகம் பார்த்தது அந்தக் கருவியால்தான்.

புகையோடு வருகிற காபன் மொனொக்சைட்டு வாயுவையும் அளக்கலாம். ஒட்சிசன் போதாமல் கனன்று எரிகிற நெருப்புத்தான் இதைக் கூடுதலாக விடும். கதவைச் சாத்திய அறைக்குள் கரிச்சட்டி வைத்துத் தூங்கினால் உயிரையே எடுத்துவிடுகிறதே, அதே வாயு. பீட் மண் கனன்றே எரிவதால் கலிமந்தானின் மேல் இது ஏராளம். புகைத் துணிக்கைகள் மழையில் கரைந்துபோன பிறகும் இந்த வாயு வாரக்கணக்கில் காற்றில் இருக்கும். அதனால் எங்கே கிளம்பிய புகை எங்கே போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடிக்க இது நல்ல சாட்சி.

மூன்றாவது கேள்வி உயரம். ‘கலிப்சோ’ என்றொரு செய்மதி 2006 முதல் 2023 வரை பச்சை நிற லேசர் ஒளியைக் கீழே அடித்து, அது புகையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துப் புகை எத்தனை கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்தது. இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் எரிந்த தீயின் உக்கிரம் புகையை மேலே தூக்கி எறிந்தது. அதில் ஒரு பெரும்புகைத் திரள் சூரிய வெப்பத்தால் மேலும் மேலும் ஏறி 35 கிலோமீற்றர் உயரம் வரை போனது. விமானம் பறப்பதற்கும் மூன்று மடங்கு உயரம். பீட் மண்ணின் நெருப்பு அப்படிச் சுவாலை விட்டு எரிவதில்லை. அதன் புகைக்கு எழும்பத் தெம்பில்லை. பெரும்பாலும் தரையை ஒட்டிய சில கிலோமீற்றருக்குள்ளேயே கிடக்கிறது. மனிதர்கள் மூச்சு விடுகிற இடத்திலேயே கிடக்கிறது.

19 பேரா, ஒரு இலட்சம் பேரா?

2015இல் மறுபடியும் எல் நினோ. ஜூன் முதல் ஒக்டோபர் வரை 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்ததாக உலக வங்கி கணக்குச் சொன்னது. நமது இலங்கையின் மொத்தப் பரப்பு 65 இலட்சம் ஹெக்டேயர் என்பதை நினைத்துப் பாருங்கள். காற்று அசுத்தத்தை அளக்கும் சுட்டெண் 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பார்கள். மத்திய கலிமந்தானின் தலைநகரான பலங்கராயாவில் அது 1,000ஐயும் தாண்டிப் போனது. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் சுவாச நோயோடு வைத்தியத்துக்குப் போனார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

புகையில் நெஞ்சைக் கெடுப்பது 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகள். தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போகும். முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடினால் சாம்பல் நிற்கும், இது நிற்காது. ஈரத்துணியும் அப்படியே. (நமது அடுப்படிப் புகையிலும் இருப்பது இதே துணிக்கைதான். புகைக்கூண்டு இல்லாத காம்பராவில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சமைக்கிற தாய்மாருக்காக இதை இடையில் சொல்லி வைக்கிறோம்.)

2015இன் புகையால் எத்தனை பேர் செத்தார்கள்? இந்தோனேசிய அரசு தரப்பில் சொன்ன எண்ணிக்கை 19. அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: இந்தோனேசியாவில் 91,600, மலேசியாவில் 6,500, சிங்கப்பூரில் 2,200, மொத்தம் ஒரு இலட்சத்து 300 பேர். அந்த நாடுகளின் அதிகாரிகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? 19 என்பது தீயிலும் புகையிலும் நேரடியாகச் செத்ததாகப் பதிவானவர்கள். ஏற்கெனவே இழுப்பு உள்ள கிழவர் ஒருவர் புகை மூட்டத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து மாரடைப்பில் போனால், மரணச் சான்றிதழில் புகை என்று யாரும் எழுதப்போவதில்லை. ஆய்வாளர்கள் செய்தது வேறு. செய்மதி காட்டிய தீயிலிருந்து புகையின் அளவை எடுத்தார்கள். அதைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோனது என்று கணினியில் ஓட்டினார்கள். எந்த ஊரில் எத்தனை சனம், எத்தனை நாள், எவ்வளவு புகையைச் சுவாசித்தது என்று பார்த்தார்கள். அவ்வளவு புகைக்கு வழக்கத்தை விட எத்தனை மரணம் கூடும் என்பது வேறு ஊர்களின் அனுபவத்தில் தெரியும். அதைக் கொண்டு கணித்தார்கள். ஆகவே இது ஒவ்வொருவராக எண்ணிய கணக்கு அல்ல, கணிப்பு. கூடலாம், குறையலாம். ஆனால் 19 என்பது உண்மைக்குப் பக்கத்தில்கூட இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம். எழுதாமல் விட்ட சாவு நடக்காத சாவு ஆகிவிடாது.

மலேசியாவின் பங்கு இதில் புதிதல்ல. 2005 ஓகஸ்ட் மாதம் சுமாத்திராவின் புகையால் போர்ட் கிளாங், கோல சிலாங்கூர் என்ற இரண்டு இடங்களில் அவசரகாலநிலை பிறப்பித்தார்கள். நமது சனம் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்த மாவட்டம் அது. 2013 ஜூனில் ஜொகூர் மாநிலத்தின் மூவார் பக்கம் அதே கதி. பால் வெட்டுகிறவனும் முள்ளுத்தேங்காய்க் குலை அறுக்கிறவனும் வெளியே நின்றுதான் வேலை செய்தாக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்ற அறிவுரை யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

யார் வைத்த தீ?

எரிகிறபோதெல்லாம் கேட்கிற கேள்வி இது. கம்பனிகள் சிறு விவசாயியைக் காட்டும். விவசாயி கம்பனியைக் காட்டுவான். முன்பெல்லாம் பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்போது சிவப்புப் புள்ளிகளைக் காணி எல்லைப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். எந்தக் காணியில், எந்த நாளில் தீ தெரிந்தது என்று ஒளிக்க முடியாது. 2013 புகைக்குப் பிறகு சிங்கப்பூர், தோட்டக் காணிகளின் எல்லைப் படங்களைத் தரும்படி இந்தோனேசியாவைக் கேட்டதும், 2014இல் வெளிநாட்டில் தீ வைத்துத் தன் காற்றைக் கெடுக்கிற கம்பனிகளுக்கும் வழக்குப் போடச் சட்டம் கொண்டுவந்ததும் இந்தத் துணிச்சலில்தான்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. செய்மதிக்கு நெருப்புத் தெரியும், நெருப்புக்குச்சி பிடித்த கை தெரியாது. கம்பனிக் காணியில் புள்ளி இருந்தால் கம்பனிதான் வைத்தது என்று முடிவு கட்ட முடியாது. பக்கத்துக் காணியிலிருந்து பரவியிருக்கலாம். அதேபோல, சிறு விவசாயியின் அரை ஏக்கரில் புள்ளி இருந்தால் அவன்தான் குற்றவாளி என்றும் ஆகாது. 375 மீற்றர்க் கட்டத்துக்குள் புள்ளியை நடுவில்தான் வைப்பார்கள். தீ கட்டத்தின் எந்த மூலையிலும் இருந்திருக்கலாம். கடைசியில் கூலிக்குத் தீ வைத்தவன் சிறைக்குப் போய், வைக்கச் சொன்னவன் வெளியே நிற்கிற நிலைமை எந்தப் படத்தாலும் தானாக மாறிவிடாது. அதற்குத் தரையில் போய் விசாரிக்க வேண்டும். எங்கே போய் விசாரிக்க வேண்டும் என்பதைத்தான் செய்மதி சொல்லும்.

அதற்குத் தப்பிப்போகிறவையும் உண்டு. தடித்த மேகம் மூடினால் தீ தெரியாது. பகல் இரண்டரைக்குப் பற்றி மாலைக்குள் முடிந்துபோன புல்தீ, ஒன்றரை மணிச் செய்மதிக்கு அகப்படாது. பீட் மண்ணின் அடியில் கனல்வதும் சரியாகத் தெரியாது. அதன் சூடு மேலே வருவதற்குள் குறைந்துவிடும். போதாததற்குத் தன் புகையாலேயே தன்னை மூடிக்கொள்ளும். இல்லாத தீயைக் காட்டுவதும் நடக்கும். வெயிலில் மின்னுகிற தகரக்கூரை சில வேளை சிவப்புப் புள்ளி வாங்கிவிடும். நமது லயத்துக் கூரைகளுக்கும் அந்த யோகம் உண்டு!

2015க்குப் பிறகு இந்தோனேசிய அரசு, 2016 தொடக்கத்தில் பீட் நிலங்களைச் சீராக்க ஒரு தனி நிறுவனம் அமைத்தது. அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, முன்பு வெட்டிய கால்வாய்களைக் கட்டை போட்டு அடைத்து, சதுப்பில் மறுபடி தண்ணீரை நிறுத்துவது. வெட்டியதும் கூலி ஆட்கள், அடைப்பதும் கூலி ஆட்கள். நிலம் ஈரமாகிறதா என்று பார்க்கவும் இப்போது செய்மதிதான். ரேடார் அலை மேகத்தையும் புகையையும் ஊடுருவிப் போகும். 2019இல் மழை பொய்த்தபோது தீ மறுபடி பெரிதாகவே வந்தது. ஆனாலும் 2015 அளவுக்கு வரவில்லை.

நமது கைபேசியில்

இந்தப் புள்ளிகளைப் பார்க்க இப்போது விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. நாசாவின் தீ வரைபடத்தைக் காசு இல்லாமல் யாரும் பார்க்கலாம். கைபேசி பழகிய பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். செய்மதி பார்த்து ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்துக்குள் புள்ளி வந்துவிடும். மலைக்கு மேலே பத்தனா எரிகிறபோது அந்த மூன்று மணித்தியாலம் காத்திருக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்துக்கும் கிராம சேவகருக்கும் உடனே சொல்லியாக வேண்டும். ஆனால் ஊவாவின் காய்ச்சல் மாதங்களில் எந்தெந்த மலையில் வருஷா வருஷம் புள்ளி விழுகிறது என்று பார்த்து வைத்தால், புல்லைச் செதுக்கித் தீ தாண்டாத வெறும் பட்டை எங்கே போட வேண்டும் என்பதைப் பேச அது உதவும். புள்ளி இல்லாத இடத்தில் தீ இருக்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வரைபடத்தில் பழைய திகதிகளுக்கும் போகலாம். 2015 செப்டெம்பர் என்று போட்டு, போர்னியோத் தீவின் தெற்குப் பக்கத்தைப் பாருங்கள். நெல்லுக்காகக் கால்வாய் வெட்டிய அந்தப் பிரதேசத்தில் ஒரு நாள் விடாமல் சிவப்பு நிறைந்து கிடக்கும்.